கொள்ளைக்குப் பிறகு தூங்காத காது

மணப்பாறைச் சுற்றுவட்டாரத்தில் மாடு வளர்க்கும் தோட்டத்து வீடுகளில் ராத்திரி முழுக்க ஏதாவது சத்தம் இருக்கும். கட்டுத்தறியில் சங்கிலி உரசும், தென்னை மட்டை விழும், திண்டுக்கல் பக்கம் போகிற ரயில் கூவும். யாரும் புரண்டுகூடப் படுக்க மாட்டார்கள். கொல்லைக் கதவை உடைத்து வந்தவர்கள் கத்தியைக் காட்டிக் கழுத்துச் சங்கிலியைப் பறித்துப் போனபின், அதே மட்டை விழுந்தால் வீடே எழுந்து உட்கார்ந்துவிடும். போன பவுனை எஃப்.ஐ.ஆரில் எழுதலாம், போன தூக்கத்தை எழுத முடியாது.

நடப்பது இதுதான். காதில் விழும் ஒலி மூளைக்குள் இரண்டு வழியாகப் போகிறது. ஜோசப் லெடூ என்ற அமெரிக்க விஞ்ஞானி எலிகளில் ஆராய்ந்தபோது, குறுக்குவழியில் போகும் ஒலி 12 மில்லிசெகண்டில் அமிக்டலா என்னும் பய மையத்தைத் தொட்டுவிட்டது. 'இது மட்டைதான்' என்று அடையாளம் காணும் மூளைப் புறணி வழி சுற்றுவழி. அதனால் நெஞ்சு முதலில் துடிக்கும், விவரம் பிறகுதான் வரும். இது கோழைத்தனம் அல்ல, உயிர் காக்கும் ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்கிறது.

"ஆளைப் பார்த்தீங்கல்ல, முகம் ஞாபகம் இல்லையா?" என்று ஸ்டேஷனில் கேட்பார்கள். கத்தியின் பளபளப்பு அச்சு அசலாக நிற்கும், முகம் நிற்காது. ஆயுதத்தைக் கண்ட கண் அங்கேயே ஒட்டிக்கொள்வதை உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் குழுவினர் 1987-இல் கண் அசைவை அளந்தே காட்டினார்கள். முகம் நினைவில்லை என்று குன்றிப்போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1990-களின் நடுவிலிருந்து சுமார் பத்தாண்டுகள், பவாரியா கொள்ளையர்கள் என்று செய்தித்தாள்கள் அழைத்த கும்பல் நெடுஞ்சாலையோர வீடுகளைத் தாக்கியது. 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனம் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். போலீஸ் அதிகாரி எஸ்.ஆர்.ஜாங்கிட் தலைமையில் தனிப்படை அந்தக் கும்பலை வடஇந்தியா வரை துரத்தியது, 2017-இல் சினிமாவும் வந்தது. துரத்தலைத்தான் பேசினோம். தாக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் அப்புறம் எப்படித் தூங்கினார்கள் என்று கேட்கவேயில்லை.

பயம் அழிவதில்லை. 'இப்போது ஆபத்தில்லை' என்ற புதுப் பாடம் அதன் மேல் படிகிறது, அவ்வளவுதான். அந்தப் பாடம் படித்த இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டில் ஒரு மாதம் நன்றாகத் தூங்கிவிட்டுத் திரும்பினால், சொந்த வீட்டில் பயம் புதிதாகவே காத்திருக்கும். சித்தியோ பெரியப்பாவோ துணைக்கு வந்து அதே கூடத்தில் படுத்துக்கொள்வது மேல்.

ஆனால் விசாரிக்க வருகிற ஒவ்வொருவரிடமும் வீட்டாரைக் கதையை முதலிலிருந்து சொல்ல வைப்பது தவறு. சம்பவம் நடந்த உடனே ஒருமுறை உட்கார வைத்துக் கொட்டச் சொல்லும் முறை பிற்காலத் துயரைத் தடுப்பதில்லை என்று 2002-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு சொன்னது. தானாகச் சொன்னால் கேட்கலாம், தோண்டக் கூடாது.

திரும்ப வருவார்களோ என்ற சந்தேகத்தையும் சிரித்துத் தள்ளாதீர்கள். ஒருமுறை புகுந்த வீட்டில் அடுத்த சில வாரங்களில் மறுபடி புகும் வாய்ப்பு அதிகம். இங்கிலாந்தில் ராச்டேல் ஊரின் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில், 1980-களில், ஏற்கெனவே திருட்டுப்போன வீடுகளுக்கு முதலில் பூட்டை மாற்றி, அக்கம்பக்கத்தாரைக் கண் வைக்கச் சொன்னார்கள். திருட்டு பெருமளவு குறைந்தது. ஆகவே தாழ்ப்பாளை இன்றே மாற்றுங்கள்.

ஒரு மாதம் கடந்தும் கெட்ட கனவும் திடுக்கிடலும் ஓயாவிட்டால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இலவசம். தமிழிலேயே பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.