சாய்ந்த எழுத்தும் சரித்த எழுத்தும்

ஆங்கிலப் புத்தகத்தில் சில சொற்கள் மட்டும் வலப்பக்கம் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நூலின் பெயர், வேற்றுமொழிச் சொல், அழுத்திச் சொல்ல வேண்டிய சொல் எல்லாம் அப்படி வரும். அடையாற்றில் 1908இல் தொடங்கிய வசந்தா பிரஸ்ஸின் பழைய ஆங்கில நூல்கள் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். வடமொழிச் சொற்களைச் சாய்வெழுத்தில் காணலாம்.

நேர் எழுத்தை ஒரு தள்ளு தள்ளினால் சாய்வெழுத்து ஆகிவிடுமா? சோதித்துவிடலாம்.

நோட்டுப் புத்தகங்களை 10 செ.மீ. உயரத்துக்கு அடுக்குங்கள். தாள்களின் ஓரம் தெரியும் பக்கத்தில் பென்சிலால் பெரிய வட்டம் ஒன்று வரையுங்கள். இப்போது அடுக்கைச் சீராக வலப்பக்கம் நகர்த்துங்கள். உச்சியில் இருப்பது 2 செ.மீ. நகர்ந்தால் போதும், ஏறக்குறைய 11 டிகிரி சாய்வு கிடைத்துவிடும். வட்டம் நீள்வட்டமாகிவிட்டது அல்லவா? ஆனால் ஒரு தாள்கூட நீளவில்லை, சுருங்கவில்லை. இடம்தான் மாறியது. அதனால் உயரமும் மாறாது, பரப்பளவும் மாறாது. மேல்வகுப்பு இயற்பியலில் இதைச் 'சறுக்குப் பெயர்ச்சி' என்று படிப்பீர்கள்.

அடுக்கை நேராக்கி, ஒரே பருமனில் இரண்டு பட்டைக் கோடுகள் வரையுங்கள். ஒன்று வலப்பக்கம் சாயட்டும், மற்றது இடப்பக்கம். மறுபடி நகர்த்துங்கள். வலப்பக்கம் சாய்ந்த கோடு நீண்டு மெலியும். இடப்பக்கம் சாய்ந்தது நிமிர்ந்து, குட்டையாகித் தடிக்கும். பரப்பு மாறாதபோது நீளம் கூடினால் பருமன் குறையத்தானே வேண்டும்! வளைந்த எழுத்தைச் சரித்தால் அதன் ஒரு பகுதி இளைத்து மறுபகுதி பருத்துப்போவது இதனால்தான்.

நல்ல சாய்வெழுத்து தள்ளிச் செய்ததல்ல, புதிதாக வரைந்தது. 1500 வாக்கில் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸின் அச்சகத்துக்காக பிரான்செஸ்கோ கிரிஃபோ அதைச் செதுக்கினார். அறிஞர்கள் இறகுப் பேனாவால் வேகமாக எழுதிய கையெழுத்துதான் அவருக்கு மாதிரி. புத்தகத்தில் ஆங்கிலச் சின்ன 'ஏ'யை உற்றுப் பாருங்கள். நேராக நிற்கும்போது தலைக்கு மேல் ஒரு கொக்கி வளைந்திருக்கும். சாய்வெழுத்தில் கொக்கி காணாமல் போய், நீங்கள் கையால் எழுதும் 'ஏ' போலவே உருண்டிருக்கும்.

நம் எழுத்தின் கதை வேறு. பெசன்ட் நகர் உ.வே.சா. நூல்நிலையத்தில் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. எழுத்தாணியால் கீறிய கோட்டில் பேனாவின் தடிப்பும் மெலிவும் வராது. ஏறக்குறைய ஒரே பருமன்தான். அழுத்திச் சொல்லத் தமிழ் அச்சில் தடித்த எழுத்தே பெரிதும் கைகொடுத்தது.

இன்று கணினியில் சாய்வுப் பொத்தானை அழுத்தினால், அந்த எழுத்துருவுக்கென்று சாய்வு வடிவம் வரையப்படாதபோது, கணினி நம் நோட்டு அடுக்கு வேலையைத்தான் செய்கிறது. தி.நகர்க் கடைப் பலகைகளில் அப்படிச் சரித்த தமிழைத் தேடிப் பாருங்கள். நம் எழுத்துக்கும் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து சாய்வு வரைய வேண்டும் என்பது என் ஆசை. கட்டம் போட்ட தாளில் 'ழ'வை எடுத்துக்கொள்ளுங்கள். பருமன் கெடாமல் அதன் கீழ்ச்சுழியை எப்படிச் சாய்ப்பீர்கள்?