கதவடைத்து ஜெபித்த நாட்கள்

பாந்திராவிலோ மஜகாவிலோ கிர்காமின் கோட்டாச்சிவாடியிலோ நடந்து செல்கையில், தெருமுனையில் சுண்ணாம்பு பூசிய சிறு மேடைமீது சிலுவையொன்று நிற்பதைக் கண்டிருப்பீர்கள். மாலையில் யாரோ ஒருவர் பூமாலை சூட்டி, மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துப் போவார். இந்நகரில் நெடுநாள் குடியிருந்தும் நம்மில் பலருக்கு அது வழி சொல்லும் அடையாளம் மட்டுமே. "சிலுவைக்கு இடப்புறம் திரும்புக" என்பதற்குமேல் அதனைப்பற்றி நாம் விசாரித்ததில்லை. அவற்றுள் சில மிகப் பழையன. ஆயினும் பல, பம்பாயைப் பிளேக் நோய் பிடித்து உலுக்கிய ஆண்டுகளில், அஞ்சி நடுங்கிய மக்கள் தத்தம் தெருவிலே நாட்டியவை என்க.

1896 செப்டம்பரில் மாண்ட்விப் பகுதியில் அந்நோயை முதலில் இன்னதென்று கண்டு சொன்னவர் டாக்டர் அகாசியோ வியேகாஸ். நகரத்தார் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டு ஓடினர். மறு ஜனவரியில் ஹாஃப்கின் என்னும் அறிஞர் தாம் ஆக்கிய தடுப்பு மருந்தைத் தம் உடம்பிலேயே முதலில் ஏற்றிச் சோதித்தார். 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. மருத்துவரும் சட்டமும் ஒருபுறம் இருக்க, அவ்வூர்க் கிறிஸ்தவர்கள் தெருச் சிலுவையடியில் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லினர். இன்றும் மே மாதத்தில் அச்சிலுவைகளை அலங்கரித்து, அண்டை அயலார் கூடிப் பிரார்த்தனை பாடி, முடிவில் வேகவைத்த கடலை வழங்குகின்றனர். நம் கோயில் சுண்டல் நினைவுக்கு வருகிறதன்றோ?

அந்தப் பழைய 1897ஆம் ஆண்டுச் சட்டத்தையே 2020 மார்ச்சில் நமது மாநிலம் மீண்டும் எடுத்து நடைமுறைப்படுத்தியது. அதன்பின் தேசம் முழுவதும் ஊரடங்கு வந்தது. கோயில், மசூதி, குருத்துவாரா, தேவாலயம் யாவும் அடைபட்டன. இந்த இதழின் வாசகர் பலர் வேறு சமயத்தினர். அவரவர் வீட்டில் அவரவர் பட்டதை அவரவர் அறிவர். நாங்கள் எங்கள் வீட்டில் கண்டதை எழுதுகிறோம்.

எங்கள் தகப்பனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பு நாடி இந்நகர் வந்தவர். அவருக்குத் தமிழ் ஆராதனை என்பது சமயக் கடமை மாத்திரமன்று. வாரம் ஒருமுறை சொந்த ஊருக்குப் போய்வருவது போன்றது. ஆதலின் ஆலயம் மூடப்படுமென்று கேட்டபோது அவர் கொண்ட கோபம் பெரிது. மூடுவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, லெந்து காலக் குடும்ப ஜெபத்துக்கு வழக்கம்போல நான்கு வீட்டாரை அழைத்தேவிட்டார். பத்துக்குப் பன்னிரண்டடி அறையில் பத்தொன்பது பேர். நாங்களும் தடுக்கவில்லை, தேநீர் கலந்து கொடுத்தோம். மூன்றாம் நாள், வந்தவருள் ஒரு அம்மையாருக்குக் காய்ச்சல் கண்டது. பதினான்கு நாட்கள் நாங்கள் உறங்கியதாக நினைவில்லை. கடைசியில் அது சாதாரண ஜுரமென்று தெரிந்தது. எனினும் அந்நாட்களில் எங்கள் மருமகள் கேட்ட கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை: "மாமா, ஜெபிக்க வந்தவங்களுக்கு நாமே நோயைக் கொடுத்திருந்தா, அந்த ஜெபத்துக்கு என்ன பேரு?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. 1918இல், விஷக்காய்ச்சல் உலகைச் சூறையாடிய காலத்தில், ஸ்பெயின் நாட்டுச் சமோரா நகரத்து ஆயர் புனித ரோக்கை நோக்கி ஒன்பது நாள் நவநாள் பிரார்த்தனைக்கு மக்களை அழைத்தார். மக்கள் நெருக்கியடித்துத் திரண்டனர். அந்நாட்டில் மிகுதியாகச் சாவைக் கண்ட நகரங்களுள் ஒன்றாயிற்று அது. 2020 பிப்ரவரியில் பிரான்சின் முலூஸ் நகரில் நடந்த ஜெபக் கூடுகை ஒன்றிலிருந்து தொற்று நாடெங்கும் பரவியது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பாடகர் குழு ஒன்று மார்ச் 10ஆம் தேதி ஓர் ஆலயத்தில் ஒத்திகைக்குக் கூடியது. வந்தவர் 61 பேர், நோயுற்றோர் 53, இறந்தோர் இருவர். பாடுவதில் மூச்சு வெகுதூரம் செல்கிறது. பாடாமல் ஆராதனை என்பது எங்கள் தகப்பனாருக்கு உப்பில்லாக் கஞ்சி.

அவரை இணங்கச் செய்தது அரசாங்க அறிவிப்புமன்று, எங்கள் வாதமுமன்று. அவருக்குப் பழக்கமான வேதமேதான். எகிப்தில் முதல் பஸ்கா இரவன்று அவரவர் வீட்டுக்குள், கதவைத் தாண்டாமல் இருக்கும்படியே கட்டளை. அறைவீட்டினுள் புகுந்து கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னவர் இயேசுநாதர். அவர் உயிர்த்தெழுந்த நாள் மாலையில் சீஷர்கள் இருந்ததும் பூட்டிய கதவுக்குப் பின்னால். இவற்றையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே தேடியெடுத்து, தாமே கண்டுபிடித்ததுபோல எங்களுக்குப் பிரசங்கித்தார். நாங்கள் தலையசைத்துக் கேட்டுக்கொண்டோம்.

அன்று அவர் மிகவும் பேசியது ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதிகளைப்பற்றி. பொந்து தேசத்தில் பிறந்த ஆக்கில்லா ரோமாபுரிக்குக் குடியேறினான். கிலவுதியுராயன் யூதரைத் துரத்தவே மனைவியோடு கொரிந்துவுக்குச் சென்றான், அங்கிருந்து எபேசு. கூடாரம் பண்ணுவது அவர்கள் தொழில். எவ்வூரில் குடியிருந்தார்களோ அவ்வூரில் அவர்கள் வீட்டிலே சபை கூடிற்று என்று பவுல் எழுதுகிறார். ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைத்தவர்களின் வாடகை வீடுகளிலேதான் ஆதிச் சபை வளர்ந்தது. பெருங்கட்டடங்கள் பின்னால் வந்தவை. தோல் தைக்கும் பட்டறைகளுக்கு நடுவே வாழும் தாராவித் தமிழருக்கு இக்கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதற்கொப்ப மற்றொரு செய்தியும் நாங்கள் படித்தறிந்தோம். 1576இல் இத்தாலியின் மிலான் நகரில் பிளேக் பரவியபோது, பேராயர் கார்லோ பொரோமேயோ முதலில் வெறுங்காலுடன் ஊர்வலம் நடத்தியவரே. பின்னர் நகரத்தார் அனைவரும் வீட்டுக்குள் அடைபட்டபோது அவர் வேறொரு வழி கண்டார். தெருச் சந்திகளில் பீடம் அமைத்துப் பூசை செய்வித்தார். மக்கள் சன்னலில் நின்றே கண்டு வணங்கினர். நாளொன்றுக்கு ஏழு தடவை ஆலய மணி அடிக்கும். அடித்தவுடன் வீடுதோறும் சன்னலருகே வந்து சங்கீதமும் மன்றாட்டும் ஒருபுறத்தார் சொல்ல எதிர்ப்புறத்தார் பதிலுரைப்பர். அங்கும் பீடங்கள் இருந்த சந்திகளில் பின்னர்ச் சிலுவைகள் எழுந்தன. மிலானின் சந்திச் சிலுவைக்கும் பாந்திராவின் தெருச் சிலுவைக்கும் இடையே முந்நூற்றிருபது ஆண்டுகள்.

2020 ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு. தாதர் சந்தையிலிருந்து ஓலை வர வழியில்லை. எங்கள் இளைய மகன், அப்போது பத்து வயதினன், பழைய நாட்காட்டித் தாள்களைக் கத்தரித்து ஓலையாக்கினான். அன்றிரவு ஒன்பது மணிக்கு விளக்கேற்றுமாறு பிரதமர் கேட்டிருந்தார். எங்கள் சாலின் நீண்ட தாழ்வாரம் முழுவதும் அகல்விளக்கும் மெழுகுவர்த்தியும் எரிந்தன. பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனையைச் சுவரோரம் பாய் விரித்து நடத்தினோம். சிலுவைமொழிகள் ஏழு, வீட்டில் பேர் ஏழு, ஆளுக்கொன்று. எங்கள் தாயார் ஐம்பது ஆண்டுகளாக ஆலயத்தில் வாய் திறந்து பேசியதில்லை. தாகத்தைக் குறித்த மொழி அவருக்கு வந்தது. சால் குழாயடியில் குடம் வைத்துக் காத்திருந்த ஆண்டுகளைச் சொல்லி நாலே நிமிடத்தில் முடித்தார். நாங்கள் கேட்ட பிரசங்கங்களில் அதுவே சிறந்தது என்றால் போதகர்கள் மன்னிப்பார்களாக.

கத்தோலிக்க அன்பர்களின் துயரம் வேறு வகையானது. தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் பூசையைப் பார்க்கலாம். நற்கருணையை வாங்க இயலாது. மனத்தால் வாங்கும் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டனர். மார்ச் 27இல் போப் பிரான்சிஸ், 1522ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் உரோம் வீதிகளில் சுமந்து செல்லப்பட்ட சிலுவையின்முன், ஆளற்ற சதுக்கத்தில் மழையில் தனியே நின்று ஜெபித்ததை நம் வாசகர் பலர் கண்டிருப்பர். ஆகஸ்டில் வேளாங்கண்ணிக் கொடியேற்றம் பக்தர்கள் இன்றி நடந்தது. செப்டம்பரில் பாந்திரா மாதா திருவிழாக் கடைகளும் இல்லை. மாகிம் ஆலயத்தில் 1948 முதல் புதன்தோறும் கூடிவந்த நவநாள் கூட்டமும், பிற சமயத்தாரும் திரளாகச் செல்லும் கூட்டமது, கலைந்திருந்தது.

மே மாதத்தில் ஊரிலிருந்த எங்கள் அத்தை காலமானார். இரயில் இல்லை. போகவர அனுமதிச் சீட்டு வேண்டும். அதுவும் உரிய காலத்தில் கிட்டவில்லை. அடக்கத்துக்கு இருபது பேருக்குமேல் கூடலாகாது. அத்தை மகன் கல்லறைத் தோட்டத்தில் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். நாங்கள் இங்கே வெள்ளையுடுத்தி, ஜெபப்புத்தகத்தில் அடக்க ஆராதனைப் பக்கத்தைத் திறந்து வைத்து நின்றோம். மண் போடும் சமயத்தில் தொடர்பு அறுந்துவிட்டது. தகப்பனார் சற்று நேரம் வெறுந்திரையைப் பார்த்தார். பின்பு வெளியே சென்று, கறிவேப்பிலைத் தொட்டியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து, தரையில் விரித்திருந்த செய்தித்தாளின்மீது மூன்று தரம் போட்டார். மிகுதியை நாங்களே வாசித்து முடித்தோம். அம்மண்ணை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு நாள் வைத்திருந்து, திரும்பத் தொட்டியிலேயே சேர்த்தோம். தமக்கையை அடக்கம் செய்யப் போகவில்லையே என்ற குறை அவரைவிட்டு நீங்கவில்லை. வீட்டு ஜெபம் எல்லாவற்றையும் ஈடுசெய்யும் என்று எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.

மற்ற மாநிலங்களில் பல ஆலயங்கள் ஜூன் 8 முதல் திறந்தன. மகாராஷ்டிரத்தில் நவம்பர் 16 வரை காத்திருந்தோம். இரண்டாம் அலையில் மீண்டும் மூடி, 2021 அக்டோபர் 7இல் மறுபடி திறந்தன. காணிக்கையை வாரந்தோறும் ஒரு பித்தளைச் செம்பில் இட்டுவந்தோம். திறந்த முதல் ஞாயிறு அதனைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, எங்களைப்போலவே செம்பும் டப்பாவும் உறையுமாக வந்தவர்கள் பலர்.

இடையில் வேறொன்று நிகழ்ந்தது. எங்கள் மக்கள் ஆங்கிலப் பள்ளியில் படிப்பவர்கள், மராத்தி பேசுவார்கள், தமிழ் பேசுவார்களே யன்றி வாசிக்கத் தெரியாது. ஆலயத்தில் பெரியவர்களின் குரலுக்குள் ஒளிந்துகொள்ளலாம். வீட்டில் ஏழே பேர். முறை வந்தால் வாசித்தாக வேண்டும். தகப்பனார் அரிசி முறத்தில் விரல்விட்டு எழுத்துக் கற்பித்தார். ஈஸ்டர் கழிந்து ஆதியாகமத்தில் தொடங்கி, இரவுக்கு ஓர் அதிகாரம். இளையவன் "ழ"கரத்தில் இடறுவான், கிழவர் விடமாட்டார்.

மறு ஆண்டு லெந்து நாட்களில் நாளாகமம் வந்தது. அதன் முதல் ஒன்பது அதிகாரங்களும் பெரும்பாலும் பெயர்களே. தாண்டிவிடலாமா என்று பையன் கெஞ்சினான். இயலாது என்றார் தாத்தா. ஒன்பது இரவுகள் பெயர்கள் வாசிக்கப்பட்டன. எட்டாம் இரவில் அவன் நிமிர்ந்து, "தாத்தா, இது உங்க சங்கத்து உறுப்பினர் பட்டியல் மாதிரியே இருக்குது, சந்தா பாக்கி மட்டும் போடல" என்றான்.