வெள்ளம் குடிக்கும் பலகை

குமரி மாவட்டத்து நெய்யூரில் எங்கள் வீட்டு அடுக்களையில், ஒரே சுவரை ஒட்டி இரண்டு மரச் சாமான்கள் இருந்தன. ஒன்று அம்மையின் அம்மை காலத்துப் பத்தாயம். பிலா என்கிற பலா மரத்தில் செய்தது. வயல் போய், நெல் போட்டு வைக்க வழியில்லாமல் ஆனபிறகு அதில் தேங்காயும் பழைய வெண்கலப் பாத்திரங்களும் கிடந்தன. இன்னொன்று, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் புதிதாகச் செய்து வைத்த அலமாரி. அது இரண்டு ஐப்பசி மழையைத் தாண்டவில்லை. அடிப்பலகை அப்பளம் போல உப்பியது. கதவின் கீலைப் பிடித்திருந்த திருகாணிகள் கையோடு கழன்று வந்தன. பத்தாயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

பார்க்க வந்த ஆசாரி குனிந்து பலகையை விரலால் அழுத்தினார். ரவை மாதிரி உதிர்ந்தது. “வெள்ளம் குடிச்சிட்டுல்லா மக்கா” என்றார். எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் தண்ணீர். அந்தக் காலத்து மரம்தான் மரம், இப்போது வருவதெல்லாம் போலி என்று நான் கோபத்தில் சொன்னதை அவர் ஏற்கவில்லை. “பிலாவும் வெள்ளம் குடிக்கும். குடிச்சதை வெயில்ல துப்பிரும். இது துப்பாது.”

பலகை வாங்கப் போகிறவர் அறிய வேண்டிய அறிவியலில் பெரும்பகுதி இந்த மூன்று வாக்கியங்களில் இருக்கிறது.

மரம் நெடுக்காக அடுக்கிய நுண்குழாய்களின் கட்டு. குழாயின் சுவர் செல்லுலோஸ் இழைகளால் ஆனது. லிக்னின் என்னும் பொருள் அந்த இழைகளை இறுக்கிப் பிடித்திருக்கிறது. பச்சை மரத்தை அறுத்துக் காயவைத்தால் முதலில் குழாய்க்குள் நிற்கும் நீர் வெளியேறும். அதுவரை மரம் சுருங்காது. ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுவருக்குள் ஊறியிருந்த நீர் போகத் தொடங்கும், பலகையும் சுருங்கத் தொடங்கும். அந்தச் சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருக்காது. நீளவாக்கில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். குறுக்கே அதைப்போலப் பல மடங்கு. குறுக்கிலும், ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பலகை கோணுவது இதனால்தான்.

காய்ந்துவிட்ட மரமும் சும்மா இருப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக நின்றால் மரத்துக்குள் ஏறத்தாழ 16 சதவீதம் ஈரம் தங்கும். காற்று 65 சதவீதத்துக்கு இறங்கினால் மரம் 12 சதவீதத்துக்கு இறங்கும். இடவப்பாதி என்னும் தென்மேற்கு மழையும் துலாமழை என்னும் வடகிழக்கு மழையும் வந்து போகும் எங்கள் ஊரில் ஒரு தேக்குப் பலகை ஆண்டு முழுவதும் மூச்சுவிட்டபடி இருக்கும். ஓரடி அகலப் பலகையில் ஈரம் ஐந்து சதவீதம் கூடினால் அகலம் மூன்று மில்லிமீட்டர் வரை கூடும். மழைக்காலத்தில் சன்னல் கதவு சிக்குவதும் கும்ப வெயிலில் தானாகவே திறப்பதும் இந்தக் கணக்குத்தான். பழைய கதவுகளைச் செய்தவர்களுக்கு இது தெரியும். நான்கு சட்டங்களில் காடி எடுத்து, நடுப்பலகையை அதற்குள் பசை போடாமல் நிறுத்தினார்கள். பலகை உள்ளே விரியும், சுருங்கும். கதவின் அளவு மாறாது. எங்கள் பத்தாயத்தின் பக்கப் பலகைகளும் அப்படித்தான் பொருத்தப்பட்டவை.

எந்த மரத்திலும் வைரம் பாய்ந்த பகுதிக்குத்தான் மதிப்பு. வெளிப்புறத்து வெள்ளை, மரத்தின் உயிருள்ள பகுதி. நீரை மேலே கொண்டுபோவதும் மாவுச்சத்தைச் சேமிப்பதும் அங்கேதான். அந்த மாவுச்சத்துக்குத்தான் வண்டு வருகிறது. மரம் மூக்க மூக்க உள்வளையங்கள் செத்து, பூச்சிக்கும் பூஞ்சைக்கும் ஆகாத பொருள்கள் அவற்றில் நிரம்புகின்றன. தேக்கில் இருக்கும் டெக்டோகுவினோன் கரையானை அண்டவிடாது. பிலாவின் வைரத்துக்கு அந்த மஞ்சள் நிறத்தைத் தருவது மோரின் என்னும் சாயப்பொருள். பௌத்தத் துறவிகள் துவராடைக்குச் சாயம் ஏற்ற இந்த மரச் சீவலைக் கொதிக்கவைத்தார்கள்.

வைரம் எங்கே இருக்கிறது என்பதை வைத்தே தாவரங்களைப் பிரித்தது தொல்காப்பியத்தின் மரபியல். உள்ளே இறுகியவை மரம், புறத்தே இறுகியவை புல். தாவரவியல் பின்னாளில் இருவித்திலை, ஒருவித்திலை என்று போட்ட கோடும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் விழுகிறது. பனை புல் இனம். அதன் பலம் புறத்தே செறிந்த கறுப்பு நார்களில் இருக்கிறது, நடு வெறும் சோறு. ஆகவே பனையைப் பிளந்து, சோற்றைச் செதுக்கி எறிந்து, வெளிப்புறத்தை மட்டும் கூரைக்கு ஏற்றினார்கள். தேக்கில் நேர்மாறு: வெளிப்புறத்தை எறிந்துவிட்டு உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும். கதவு நிலைக்குத் தேக்கு வாங்கப் போகிறவர்கள் இதையாவது நினைவில் வைக்கலாம். இளமரத்தில் பாதிக்கு மேல் வெள்ளைதான் இருக்கும். தேக்கு என்ற பெயருக்குக் கொடுக்கும் விலையில் அந்த வெள்ளைக்கும் பங்கு போகிறது. முற்றிய பிலாவோ அயனியோ அதைவிட நல்ல நிலையாகும்.

எங்களுக்குப் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் மரம் எவ்வளவு காலம் தாங்கும் என்பதைக் கண்ணால் பார்க்கலாம். 1795இல் திருவிதாங்கூரின் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. இருந்தும் பூமுகம் என்னும் முகப்பின் மச்சில் செதுக்கிய 90 பூக்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. அதே அரண்மனையின் தாய்க் கொட்டாரத்துத் தூண் ஒன்று ஒற்றைப் பிலாத் தடியில் செதுக்கியது. நெய்யூரை ஒட்டிய இரணியலிலும் வேணாட்டு அரசர்களின் அரண்மனை ஒன்று உண்டு. கைவிடப்பட்டுப் பல ஆண்டு கிடந்ததில் ஓடு விலகி, உத்திரங்கள் இற்றுச் சரிந்தன. சீரமைப்பு பின்னால் வந்தது. இரண்டு அரண்மனையும் மரத்தில் கட்டியவைதான். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நிற்கும் மரத்தைப் பூஞ்சை அரிக்காது. பத்மநாபபுரத்தில் ஓடு மாற்ற ஆள் இருந்தது, இரணியலில் இல்லாமல் போனது. சின்ன வயதில் அந்த இடிபாட்டைப் பார்த்தபோது வந்த வருத்தம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

இனி, ஆலையில் செய்யும் பலகைகள். மரத்தின் தொல்லை குறுக்கே சுருங்குவதென்றால், மெல்லிய மரத்தாள் ஒன்றின் நீளவாக்கை இன்னொன்றின் குறுக்கில் வைத்து ஒட்டிவிட்டால் என்ன? ஒன்றை ஒன்று அசையவிடாது. ஒட்டுப்பலகை என்னும் பிளைவுட் இந்த யோசனைதான். ஆவியில் பதப்படுத்திய தடியைச் சுழலவிட்டு, கத்தி கொடுத்து, பாயை விரிப்பது போல மெல்லிய தாளாக உரிக்கிறார்கள். தாள்களைத் திசை மாற்றி அடுக்கி, பசை தடவி, சூட்டில் அழுத்துகிறார்கள். மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில்தான் அடுக்குவார்கள். இருபுற முகத்தின் நாரும் ஒரே திசையில் ஓடினால்தான் இழுவிசை சமமாகி, பலகை வளையாமல் நிற்கும்.

இந்தப் பலகையை வெறும் அலமாரிச் சரக்கென்று நினைப்பவர்கள் முட்டம் கடற்கரையின் கதையைக் கேட்க வேண்டும். எங்கள் கடலில் ஓடியது கட்டுமரம். கனமில்லாத மரத்தடிகளைச் சேர்த்துக் கட்டியது. கடலில் ஊறினால் பாரம் ஏறிவிடும் என்பதால் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளைக் காயப்போடுவார்கள். குடித்ததைத் துப்பவைக்கும் வேலை. வள்ளத்துக்கு வேண்டிய பெரிய மாவும் அயனியும் அரிதாகி விலையும் ஏறிவிட, 1980களில் முட்டத்துப் படகுக்கூடத்தில் கடல்தரப் பிளைவுட்டில் படகு கட்டத் தொடங்கினார்கள். பலகையை வடிவமாக வெட்டி, ஓரத்தில் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைத்து, தையலின்மேல் கண்ணாடி இழையும் ரெசினும் பூசி மூடும் முறை அது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இதைக் கேரளக் கரை வரை கொண்டுபோனது. பின்னால், அதிலும் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, ஃபைபர் படகுகள் கரையை நிறைத்துவிட்டன. ஆனாலும் அலைவாயில் ஓடிய பலகையைச் சமையலறைக்கு ஆகாது என்று யாரும் தள்ளிவிட முடியாது.

பிறகு எங்கள் அலமாரி ஏன் உப்பியது? அது பிளைவுட் இல்லை, துகள்பலகை. மரத்துகளைப் பசையில் பிசைந்து அழுத்தியது. பார்ட்டிக்கிள் போர்டு என்பார்கள். மரத்தை இன்னும் நுணுக்கி, ஆவியில் வேகவைத்து, பஞ்சு போல நாராக்கி அழுத்தினால் எம்.டி.எஃப். முகம் கண்ணாடி போல வழுவழுப்பாக இருக்கும், பூவேலை குடைய அருமையானது, உலர்ந்த அறையின் அலமாரிக் கதவுக்குப் போதும். இரண்டிலும் குறை ஒன்றுதான். அழுத்தித் திணித்த துகள் நீர் பட்டதும் தன் பழைய அளவுக்கு விரியும். விரியும்போது பசையின் பிடி அறுந்துவிடும். பிறகு எத்தனை வெயிலில் வைத்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. ஆசாரி “துப்பாது” என்றது இதைத்தான். பிளாக்போர்டு மரத்துக்கும் பிளைவுட்டுக்கும் இடைப்பட்டது. நடுவே மரப்பட்டிகளை வரிசையாக வைத்து இருபுறமும் தாள் ஒட்டியது. கனம் குறைவு, நீளத் தட்டு நடுவில் தொய்யாது, கதவுக்கும் நல்லது.

எல்லாம் கடைசியில் பசையில் வந்து நிற்கிறது. யூரியா ஃபார்மால்டிஹைடு பசை மலிவானது. சூடும் ஈரமும் சேர்ந்தால் பிரியும். ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை கருஞ்சிவப்பானது, கொதிநீரிலும் பிரியாது. இந்தியத் தர நிர்ணயம் இதைக் கொதிக்கவைத்தே சோதிக்கிறது. கடல்தரப் பலகைக்கான ஐ.எஸ். 710, துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்ட பிறகும் ஒட்டு விடக்கூடாது என்கிறது. எம்.ஆர். என்று அச்சிட்ட சாதாரணப் பிளைவுட்டை 60 டிகிரி நீரில் மூன்று மணி நேரம் வைத்துத்தான் பார்ப்பார்கள். எம்.ஆர். என்றால் ஈரக்காற்றைத் தாங்கும் என்று மட்டுமே பொருள். அதை வாட்டர் புரூஃப் என்று சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு, கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு.

பசையைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். மலிவான பலகையிலிருந்து ஃபார்மால்டிஹைடு காற்றில் கசிந்துகொண்டே இருக்கும். புதிய அலமாரியைத் திறந்தால் கண் எரிவது அதனால்தான். அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வகைப்படுத்தியது. அறுக்கும்போது பறக்கும் மரத்தூளை அதற்கு முன்பே, 1995இல், அதே வகையில் சேர்த்துவிட்டது. தேக்கோ பிளைவுட்டோ எதுவானாலும் தூள் தூள்தான். எவரெஸ்ட் ஏறப்போன மருத்துவர் சோமர்வெல் பணிபுரிந்த, புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பேர்பெற்ற மிஷன் ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் எங்களுடையது. அந்த ஊரிலேயே, ஆசாரிப் பையன்கள் முகத்தில் துண்டுகூடக் கட்டாமல் மின்வாளின் முன் நிற்பதைப் பார்க்கும்போது மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஒரு நல்ல முகக்கவசத்தை வேலை கொடுப்பவர் வாங்கிக் கொடுத்தால் என்ன?

இத்தனை பலகைக்கும் மரம் எங்கிருந்து வருகிறது? ஒரு காலத்தில் காட்டிலிருந்து. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, நீலகிரியின் கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதைக் கண்டு உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12இல் வந்த ஆணை நாடு முழுவதும் காட்டு மரம் வெட்டுவதை இறுக்கிப் பிடித்தது. பலகை ஆலைகள் தோட்டத்து மரங்களைத் தேடின. வடக்கே பாப்ளர், யூகலிப்டஸ். தெற்கே எங்கள் ரப்பர்.

கீரிப்பாறையிலும் குலசேகரத்திலும் பால்வெட்டும் ரப்பர் மரம் 25, 30 ஆண்டில் ஓய்ந்துவிடும். முன்பெல்லாம் அதை வெட்டிச் செங்கல் சூளைக்கும் அடுப்புக்கும்தான் அனுப்பினார்கள். குறை சொல்லவும் முடியாது. ரப்பருக்குத் தேக்கு போல் வைரம் பாய்வதில்லை; உடம்பெல்லாம் மாவுச்சத்து. வெட்டிய சில நாளிலேயே நீலப் பூஞ்சை ஏறும், பின்னாலேயே வண்டு துளைத்து மாவாக்கும். இப்போது அறுத்த கையோடு வெற்றிடத் தொட்டியில் வைத்து, போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த நீரை அழுத்தத்தில் உள்ளே ஏற்றி, சூளையில் உலர்த்துகிறார்கள். அதன்பின் அது வெளிறிய நிறத்தில் அழகான நாற்காலி மரம். சிறு துண்டுகளைக் கைவிரல் கோத்தது போலப் பல்வெட்டிச் சேர்த்து ஒட்டினால் பெரிய பலகை. உரித்தால் பிளைவுட்டின் தாள். ஒரே ஒரு எச்சரிக்கை: போரான் உப்பு நீரில் கரையும், ஆகவே மழையில் நனையும் இடத்துக்கு இந்த மரம் ஆகாது. ஒரு காட்டு மரத்தையும் தொடாமல், பால் கொடுத்து ஓய்ந்த மரத்திலிருந்து மேசை வருகிறது என்பதில் எனக்கு உள்ளபடியே பெருமைதான்.

அலமாரியை மறுபடி செய்தோம். கடையில் கடல்தரம் என்று சொல்லிக் கொடுத்த இரண்டு வகைப் பலகையிலிருந்து ஆசாரி கைநீளத் துண்டுகளை வெட்டி வாங்கி வந்தார். முற்றத்தில் கல்கூட்டி, முன்பு நெல் அவித்த அண்டாவில் நீர் நிரப்பி இரண்டையும் போட்டார். காலையில் வைத்த தீயைப் பொழுது சாய்ந்துதான் அணைத்தோம். ஒரு துண்டு புத்தகம் போல ஏடு ஏடாகப் பிரிந்து மிதந்தது. மற்றொன்றின் விளிம்பில் நகத்தைக்கூட நுழைக்க முடியவில்லை. அதையே வாங்கினோம். வெட்டிய ஒவ்வொரு விளிம்பிலும், திருகாணி இறங்கிய ஒவ்வொரு துளையிலும் ஆசாரி வார்னிஷைத் தொட்டுத் தொட்டு அடைத்தார். முகத்தில் பூசுவதை அவர் கடைசிக்கு வைத்துக்கொண்டார். வெள்ளம் ஏறுவது விளிம்பு வழியாகத்தான் என்றார். அடிப்பலகை தரையில் படாமல் இருக்க நான்கு கால் வைத்தார். பத்தாயத்திலிருந்து எப்போதோ கழன்று கிடந்த ஒரு பிலாச் சட்டத்தை அறுத்துத்தான் அந்தக் கால்களைச் செய்தார். அறுத்த இடம் புது மஞ்சளாக இருந்தது.