வானொலியும் வடமும்

நீருக்கு வாய்க்கால் எவ்வாறோ, மின்னலைக்கு வடம் அவ்வாறு. வாய்க்காலில் விட்ட நீரே வயலை அடையும். வடத்திற் செலுத்திய அலையே வானொலியை அடையும். எளிதாகிய இவ்வுண்மை மறக்கப்படும்போது, விலைமிக்க ட்யூனரும் இரைச்சலையே எழுப்பும்.

திரியாய் போன்ற கரையோரக் கிராமங்களிலும் இன்று செய்மதித் தொலைக்காட்சித் தட்டுக்களைக் காண்கின்றோம். அத்தட்டின் வடத்தை ட்யூனரிற் பொருத்தினால் பண்பலை நிலையங்கள் கேட்குமெனச் சிலர் கருதுவர். அது நிகழாது. பண்பலை ஒலிபரப்பு 88 முதல் 108 மெகாஹேட்ஸ் வரையுள்ள மீடிறன்களில் நிகழ்வது. தட்டின் வடத்தில் வருவனவோ ஏறத்தாழ 950 முதல் 2150 வரையானவை. மேலும், தட்டினை இயக்குதற்பொருட்டு அவ்வடத்தில் 13 அல்லது 18 வோல்ற்று மின்னழுத்தமும் செல்லும். அதனாற் ட்யூனர் பழுதுறவுங் கூடும்.

எனவே, ட்யூனருக்குத் தனி அன்ரனா வேண்டும். அது உயரத்தில் அமைதலும் வேண்டும். பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வது. புவியின் வளைவு அதனை மறைக்கும். 2011இல் திறக்கப்பட்ட கொக்காவிற் கோபுரத்தின் உயரம் 174 மீற்றர். அத்துணை உயரத்திலிருந்து புறப்படும் அலை, சமதரையிற் சுமார் 54 கிலோமீற்றர் வரை எட்டும் எனக் கணிக்கலாம். கேட்போர் 9 மீற்றர் உயரத்தில் அன்ரனாவை நிறுத்துவரேல் மேலும் 12 கிலோமீற்றர் கூடும்.

அடுத்து நோக்கத்தக்கது தடங்கல். மாறும் மின்னோட்டத்துக்கு ஒரு சுற்று காட்டும் எதிர்ப்பே தடங்கலாகும். பழைய ட்யூனர்கள் பலவற்றின் வாயில் 300 ஓம்; இக்கால வட்ட வடமோ 75 ஓம். இரண்டையும் நேரே இணைத்தால் வந்த வலுவில் நூற்றுக்கு 36 பங்கு தெறித்துத் திரும்பும். இடையே சிறியதொரு பொருத்து நிலைமாற்றியை வைப்பின் இவ்விழப்புப் பெரும்பாலும் நீங்கும். கடைகளில் விரலளவினதாய்க் கிடைக்கும் அப்பொருளின் பயன் பெரிது.

கடற்காற்றின் உப்பு செப்புக் கம்பியை அரிக்குமாதலின், வெளியிணைப்புக்களை நீர் புகாவண்ணம் மூடுதல் வேண்டும். கம்பத்துக்குப் புவித்தொடுப்பும் இன்றியமையாதது. இடி முழங்குமுன் வடத்தைக் கழற்றிவிடுக.

இவையெல்லாம் இன்னிசைக்கு மட்டுமோ எனின், அன்று. 2020 டிசெம்பர் 2ஆந் தேதி இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரையேறியது. அத்தகைய நாள்களிற் புயல் அணுகுமுன் வரும் எச்சரிக்கை தெளிவாகக் கேட்டலே உயிர்க்காப்பு. புயல் வந்து மின்சாரம் அறுந்தபின் துணையாவது மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலி. ஆதலின், நல்ல இணைப்பை மழைக்காலத்துக்கு முன்னரே அமைத்து, அச்சிறு வானொலியையும் அருகில் வைத்திருத்தல் அறிவுடைமையாகும்.