சக்கரத்தில் ஓடும் வீடு
(மெக்கானிக்கல், இரண்டாம் ஆண்டு)

வீட்டையே தூக்கிக்கொண்டு ஊர் சுற்ற முடியுமா? நத்தையால் முடியும். அமெரிக்காவில் மனிதர்களும் அதைச் செய்கிறார்கள். கட்டில், சமையல் மேடை, ஃபிரிட்ஜ், குளியலறை, கழிவறை எல்லாம் ஒரே வண்டிக்குள்! இதற்குப் பெயர்தான் 'மோட்டார் ஹோம்'. அயோவா மாநிலத்து வின்னபேகோ கம்பெனி 1966-ல் இதைத் தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரிக்க ஆரம்பித்தது.

பார்க்கச் சொகுசாகத் தெரியும். ஆனால் மூடியைத் திறந்து பார்த்தால் நாம் வகுப்பில் படிக்கிற தெர்மல், எலெக்ட்ரிக்கல், ஆட்டோமொபைல் மூன்றும் உள்ளே உட்கார்ந்திருக்கும். மேற்கு அமெரிக்காவின் வெட்டவெளியில் அந்தக் கணக்கு தப்பினால் உதவிக்கு ஆள் கிடையாது. எப்படி என்று பார்ப்போமா?

எந்தச் சாலை?

உதாரணத்துக்கு நெவாடா மாநிலத்தைக் குறுக்கே கடக்கும் 50-ஆம் எண் நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்வோம். அந்த மாநிலத்துக்குள் மட்டும் ஏறக்குறைய 650 கிலோமீட்டர். 'லைஃப்' பத்திரிகை 1986-ல் இதை 'அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை' என்று எழுதியது. ஃபாலனை விட்டால் அடுத்த ஊர் ஆஸ்டின், சுமார் 177 கிலோமீட்டர் தள்ளி! பிறகு யுரேகா 112, அதற்கப்புறம் ஈலி 124.

ஒரு மலைத்தொடர், ஓர் அகன்ற சமவெளி, மறுபடி மலை, மறுபடி சமவெளி... இப்படியே போகும். கணவாய்கள் பல 7000 அடிக்கு மேல். உச்சியில் நின்றால் அடுத்த மலை வரைக்கும் சாலை நூல் பிடித்த மாதிரி தெரியும். இங்கே பெய்கிற மழை எந்தக் கடலுக்கும் போவதில்லை, உப்புத் தரையில் காய்ந்துவிடும். பல இடங்களில் வேலி கிடையாது. மேய்கிற மாடு எந்த நேரமும் குறுக்கே வரலாம்.

வண்டியும் பெட்ரோலும்

மோட்டார் ஹோமில் மூன்று வகை. பஸ் மாதிரி பெரியது 'ஏ'. வேனுக்குள்ளேயே அடக்கியது 'பி'. வேன் சேஸிஸின் பின்னால் பாடி கட்டி, டிரைவர் தலைக்கு மேல் படுக்கை வைத்தது 'சி'. வாடகைக்கு அதிகம் கிடைப்பது 'சி'. சாமானும் ஆட்களும் ஏறினால் அதன் எடை 6500 கிலோ வரை போகும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிய விஷயம். அப்படியானால் ஃபாலனிலிருந்து ஆஸ்டின் போக மட்டும் 44 லிட்டர் ஆச்சு! எதிர்காற்று அடித்தால் இன்னும் கூடும். டேங்க் பாதி ஆனதுமே நிரப்பிவிடு என்பது அங்கே எழுதாத சட்டம்.

மூன்று தொட்டிகள்

அடியில் மூன்று தொட்டிகள் இருக்கும். நல்ல தண்ணீருக்கு ஒன்று, சுமார் 150 லிட்டர். பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீருக்கு ஒன்று. அதற்குச் 'சாம்பல் தொட்டி' என்று பெயர். கழிவறைக்கு ஒன்று. அது 'கறுப்புத் தொட்டி'. 12 வோல்ட் பம்ப் தண்ணீரை ஏற்றும்.

கழிவைக் கண்ட இடத்தில் திறந்துவிட முடியாது. அதற்கென்று உள்ள இடத்தில் குழாய் மாட்டித்தான் விட வேண்டும். முதலில் கறுப்பு, பிறகு சாம்பல். ஏன் இந்த வரிசை? சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து குழாயைக் கழுவிவிடும். சின்ன விஷயம்தான், ஆனால் எவ்வளவு யோசனை பாருங்கள்!

கரண்ட்

முகாமிடும் இடங்களில் 120 வோல்ட், 30 ஆம்பியர் இணைப்பு கிடைக்கும். பெருக்கினால் 3600 வாட். ஏ.சி. 1500, மைக்ரோவேவ் 1500, வெந்நீர் ஹீட்டர் 1400 என்று மூன்றையும் போட்டால் 4400. உடனே டிரிப் ஆகும்!

வெட்டவெளியில் இணைப்பே கிடையாது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பாட்டரி இரண்டு இருந்தால் 2400 வாட்-மணி. ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் பாட்டரி ஆயுள் குறையும். எனவே கையில் இருப்பது 1200 மட்டுமே. ஏ.சி. ஒரு மணி நேரம்கூட ஓடாது. அதற்காகத்தான் ஜெனரேட்டர், கூரையில் சோலார் பலகை. ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவனை எழுப்பாமலே கொன்றுவிடும். அதனால் அதைக் கண்டுபிடித்து அலறும் கருவி வண்டிக்குள் கட்டாயம் வேண்டும்.

நெருப்பால் குளிரும் ஃபிரிட்ஜ்

பல வண்டிகளில் ஃபிரிட்ஜுக்குக் கம்ப்ரஸரே இல்லை. கேஸில் எரியும் சிறு தீ அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கும். அம்மோனியா ஆவியாகி, குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் இருக்கும் பகுதியில் மறுபடி ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை உறிஞ்சிவிடும். இதை 1922-ல் கண்டுபிடித்தவர்கள் யார் தெரியுமா? ஸ்டாக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள்! பால்ட்ஸார் வான் பிளாட்டன், கார்ல் மன்டர்ஸ். நம்மைப் போல வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்தான். உள்ளே திரவம் புவியீர்ப்பால் ஓடுவதால், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தினால்தான் இது ஒழுங்காக வேலை செய்யும். புது வண்டிகள் பலவற்றில் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜும் வருகிறது.

ஏறுவதைவிட இறங்குவதே கஷ்டம்

உயரம் போகப் போகக் காற்று மெலியும். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1000 அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை இழக்கும். 7000 அடியில் ஐந்தில் ஒரு பங்கு போச்சு! அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் சோறு வேக நேரமாகும்.

ஏறும்போது தவறினால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இறங்கும்போது தவறினால்? கணக்குப் போடுவோம். 6500 கிலோ வண்டி 500 மீட்டர் கீழே இறங்குகிறது. எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 3 கோடியே 20 லட்சம் ஜூல். இதில் 100 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்! இவ்வளவு சூட்டையும் பிரேக் மட்டுமே தாங்கினால் லைனிங் பிடிப்பை இழக்கும், பிரேக் ஆயில் கொதிக்கும், மிதித்த பெடல் சும்மா உள்ளே போகும். கையில் இருப்பது வண்டி மட்டுமல்ல, உள்ளே குடும்பமும் இருக்கிறது.

ஆகவே இறக்கம் தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு வந்துவிட வேண்டும். வேகத்தை இன்ஜின் பிடிக்கும். பிரேக்கை விடாமல் அழுத்தாமல், ஒரு தரம் நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிட வேண்டும். 'எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு' என்று நம்ம ஊர் லாரி டிரைவர்கள் மலைப்பாதைக்குச் சொல்வதும் இதே இயற்பியல்தான். அமெரிக்காவின் மேற்கு மலைகளில் பிரேக் போன வண்டி ஏறி நிற்பதற்கென்றே சரளைக்கல் போட்ட மேட்டுப்பாதைகளை அமைத்திருக்கிறார்கள்.

முடிவாக...

இவ்வளவு கணக்கா என்று மலைக்க வேண்டாம். தண்ணீர் எத்தனை லிட்டர், பாட்டரி எத்தனை வாட்-மணி, அடுத்த பங்க் எத்தனை கிலோமீட்டர் என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தவர்தான் அந்த வெட்டவெளியில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி, பயமில்லாமல் நட்சத்திரம் பார்த்துத் தூங்கலாம். சுதந்திரம் என்பது கணக்கை மறப்பதில் இல்லை நண்பர்களே, கணக்கைச் சரியாகப் போட்டு முடிப்பதில் இருக்கிறது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிற அந்தச் சூத்திரங்களை அடுத்த முறை பார்க்கும்போது, ஒரு மலையிறக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்!