வெட்டும் நொதியம், காட்டும் ஒளி

"சேர், அந்த மெசின் கொரோனாவை எப்படிக் கண்டுபிடிக்குது?" என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள். தமிழ் படிப்பிக்கிற எனக்கு அன்று பதில் வரவில்லை. ஆனால் பி.சி.ஆர் தாளுக்கு நாமெல்லாம் எவ்வளவு பயந்தோம்! 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, கொவிட் என்று முடிவான ஜனாஸாவை எரித்தே ஆக வேண்டும் என்றிருந்த காலம் அது. பிறகுதான் தேடி வாசித்தேன்.

வைரஸின் மரபுச் செய்தி ஆர்.என்.ஏ என்ற நியூக்கிளிக்கமில இழையில் இருக்கிறது. அதை முதலில் டி.என்.ஏயாகப் பிரதி செய்வார்கள். பின்பு டாக் பொலிமரேஸ் என்ற நொதியம் அப்பிரதியைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கும். அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்ட பக்ரீரியாவின் நொதியம் அது. கொதிநிலையை நெருங்கும் சூட்டையும் தாங்கும்.

நொதியம் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க ஏலாது. அதற்கொரு உபாயம் உண்டு. தேடும் பகுதியோடு மட்டும் ஒட்டக்கூடிய சிறு டி.என்.ஏ துண்டைக் கலவையில் போடுவார்கள். அதன் ஒரு முனையில் ஒளிரும் சாயம். மறுமுனையில் அந்த ஒளியை அமுக்கிவிடும் மூலக்கூறு. இரண்டும் பக்கத்தில் இருக்கும் வரை வெளிச்சம் வராது. நொதியம் புது இழையைக் கட்டிக்கொண்டு வரும்போது, வழியில் ஒட்டியிருக்கும் துண்டை வெட்டித் தள்ளும். சாயம் பிரிந்து ஒளிரும். வெட்டு கூடக்கூட ஒளியும் கூடும். கருவி சுற்றுதோறும் அதை அளக்கும். இந்த வெட்டும் குணத்தைச் சோதனைக்குப் பயன்படுத்தலாம் என்று 1991இல் காட்டினார்கள்.

20ஆவது சுற்றிலேயே ஒளி எல்லையைத் தாண்டினால் தொடக்கத்தில் ஆர்.என்.ஏ நிறைய இருந்திருக்கிறது. 30ஆவது சுற்றில்தான் தாண்டினால் ஏறத்தாழ 1000 மடங்கு குறைவு. இரண்டு தாளிலும் எழுதப்படுவதோ ஒரே சொல்: 'பொசிட்டிவ்'.

அந்த ஒளிக்குத் தெரிந்தது, தேடிய இழைத் துண்டு இருக்கிறதா என்பது மட்டுமே. வைரஸ் இன்னும் தொற்றக்கூடியதா என்று அதற்குத் தெரியாது. சிதைந்துபோன வைரஸின் மிச்சத் துண்டுக்கும் அது ஒளிரும். மையித்தை மண்ணில் வைத்தால் என்னவாகும் என்பது அதனிடம் கேட்கப்படாத கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 மார்ச் வழிகாட்டலோ அடக்கம், தகனம் இரண்டுக்கும் இடம் வைத்திருந்தது.

கருவி தன் வேலையைச் செய்தது. அதன் விடையில் இல்லாததையும் சேர்த்து வாசித்தது மனிதர்கள். அந்த மாணவிக்கு இப்போது இதைத்தான் சொல்வேன்: விடையைப் பார்க்க முன், கேட்ட கேள்வி என்ன என்று பார் மகள்.