உங்களுக்குத் தெரியுமா? ஆணில்லாமலே பெருகும் அசுவினி

அவரைக் கொடியின் குருத்திலும் பிஞ்சிலும் கறுப்பாக அப்பிக்கிடக்கும் அசுவினி, வெப்பமான நம் ஊர்களில் ஆணோடு சேராமலே குட்டி போடுகிறது. பிறக்கும் குட்டியின் வயிற்றிலேயே அடுத்த தலைமுறை வளரத் தொடங்கியிருக்கும்! சாற்றை உறிஞ்சி அது வெளியேற்றும் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் காவல் நிற்கும். ஆகவே, கொடியில் எறும்புச் சாரை தெரிந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள். அங்கே முதலை போல நீண்ட, கறுப்பு உடலில் ஆரஞ்சுப் புள்ளியிட்ட புழு ஊர்ந்தால் தயவுசெய்து நசுக்காதீர்கள். அது பொறிவண்டின் இளம்புழு. அசுவினிதான் அதற்கு உணவு. தாக்குதல் முற்றினால், லிட்டருக்கு 50 கிராம் வீதம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து மாலையில் தெளியுங்கள். இலையின் அடிப்புறம் நன்றாக நனைய வேண்டும்.